ஓட்டுவது தனியாக, ஜெயிப்பது அணியாக: ஸ்பீட்வே லீக் பிறந்த 1929

ஸ்பீட்வேயில் ஒரு ஓட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். நான்கு பேர், நான்கு பைக், முட்டை வடிவத் தடத்தில் நான்கு சுற்று, அவ்வளவுதான். ஒரு தேநீர் ஆறுவதற்குள் இரண்டு ஓட்டம் முடிந்துவிடும். முதன்முறை பார்ப்பவருக்கு இதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை: யார் முதலில் வந்தாரோ அவர் ஜெயித்தார்.

ஆனால் மறுநாள் செய்தித்தாளைப் புரட்டினால் ஜெயித்தவர் பெயருக்கு மேலே ஊர்ப் பெயர் நிற்கும். வெம்ப்ளி ஜெயித்தது, வெஸ்ட் ஹாம் தோற்றது என்று எழுதியிருப்பார்கள். கால்பந்துக்குப் போடுவது போலவே புள்ளிப் பட்டியலும் இருக்கும். தனித்தனியாக வண்டி ஓட்டியவர்கள் எப்படி அணி ஆனார்கள்? பைக்கை ஒருவர் இன்னொருவருக்குப் பந்து போலத் தட்டிவிட முடியாதே!

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் 1929க்குப் போக வேண்டும். பிரிட்டனில் ஸ்பீட்வே லீக் முதன்முதலாக நடந்தது அந்த வருடம்தான்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். ஸ்பீட்வே பைக்கில் பிரேக் கிடையாது. இது விளம்பரத்துக்காகச் செய்த சாகசம் இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. நான்கு பேர் கைக்கெட்டும் தூரத்தில் சறுக்கிக்கொண்டு போகும்போது முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவர்கள் என்ன ஆவார்கள்? அதனால் யாருக்குமே பிரேக் இல்லை. கியரும் ஒன்றே ஒன்று. இஞ்சின் 500 சிசி. கிளம்புவதற்கு ஒரு கிளட்ச் உண்டு. ஓட ஆரம்பித்துவிட்டால் வண்டியின் வேகத்தை ஆள ஓட்டுபவர் கையில் இருப்பது ஆக்சிலரேட்டர் மட்டும்.

அப்படியென்றால் வளைவில் எப்படித் திரும்புவது? மணல் கொட்டிய சாலையில் பைக்கைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குப் பின்சக்கரம் நழுவும்போது வயிற்றில் ஒரு குளிர் ஓடுவது தெரியும். நாம் பயந்து தவிர்க்கும் அந்த நழுவலை இவர்கள் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். தடம் இடப்பக்கமாகவே திரும்பும். வளைவு வந்ததும் ஓட்டுபவர் வண்டியை இடப்பக்கம் சாய்த்து ஆக்சிலரேட்டரை முறுக்குவார். பின்சக்கரம் பிடிப்பை இழந்து வெளிப்பக்கமாக ஓடும். வண்டி அப்படியே சுழன்றுவிடாமலிருக்க முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பார். பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். அந்தப் பக்கவாட்டுச் சறுக்கலே வேகத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். இல்லாத பிரேக்கின் வேலையை ஆக்சிலரேட்டரே செய்துவிடுகிறது. நடுவில் பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால்தான் ஆபத்து. சக்கரம் திடீரென்று தரையைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

அந்தக் காலத்தில் தடத்தில் கொட்டியிருந்தது எரிந்த நிலக்கரியின் கரடுமுரடான சாம்பல்துகள். நிலக்கரியில் ஓடிய நாட்டில் அதற்கா பஞ்சம்? முன்னால் போகிறவரின் பின்சக்கரம் வாரி இறைக்கிற துகளெல்லாம் பின்னால் வருகிறவர் முகத்தில்தான். தோல் உடை, கண்ணாடி, தலைக்கவசம் எல்லாம் அதற்காகவும்தான். இடது பூட்ஸின் அடியில் ஓர் இரும்புக் காலணியை மாட்டிக்கொள்வார்கள். வளைவில் இடது கால் தரையில் உரசிக்கொண்டே போகும். வெறும் பூட்ஸ் என்றால் ஒரு சாயங்காலம் தாங்காது.

1929இல் பெரும்பாலோர் கனவு கண்ட வண்டி டக்ளஸ். பிரிஸ்டல் அருகே செய்யப்பட்டது. இரண்டு சிலிண்டரும் இரு பக்கமாகப் படுத்திருக்கும் தாழ்வான இஞ்சின். நீளமான வண்டி என்பதால் மிக அகலமாகச் சறுக்கவிடலாம். இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவது அன்றைய பாணி. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்ப்ரவுட்ஸ் எல்டர் நெட்டையான ஆள். அவர் கால் பின்னால் நீண்டு இழுபட, சாம்பல் மேகமாக எழும்பும். ஜெயித்தாரா என்பது அப்புறம். அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

சரி, கூட்டம் எங்கிருந்து வந்தது?

ஸ்பீட்வேயின் பிறப்பிடம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லாண்ட். 1923 டிசம்பரில் அங்கே ஒரு விவசாயக் கண்காட்சித் திடலில், மின்விளக்கு வெளிச்சத்தில் பைக் ஓட்டம் நடந்தது. நடத்தியவர் ஜானி ஹாஸ்கின்ஸ். நானே கண்டுபிடித்தேன் என்ற கதையை வாழ்நாளெல்லாம் ரசித்துச் சொன்னவர் அவர். மண் தடத்தில் பைக் ஓட்டுவது அதற்கு முன்பே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தது. எனவே அந்தக் கதையை முழுசாக விழுங்க வேண்டியதில்லை. ஆனால் இரவு, விளக்கு, சின்ன வட்டத் தடம், பக்கத்திலேயே கூட்டம் என்று அதை ஒரு கேளிக்கையாகக் கட்டியெழுப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரிட்டனில் முதல் பந்தயம் எது என்பதிலும் சண்டை இருக்கிறது. 1927இலேயே கேம்பர்லியிலும், மான்செஸ்டர் பக்கம் ட்ராய்ல்ஸ்டனிலும் நடந்ததைச் சிலர் முன்வைப்பார்கள். கேம்பர்லியில் ஓடியதோ எதிர்த் திசையில்! பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் நாள் 1928 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில், ஒரு மதுக்கடைக்குப் பின்னாலிருந்த பழைய தடத்தில் இல்ஃபோர்ட் மோட்டார் சைக்கிள் கிளப் ஏற்பாடு செய்திருந்தது. மூன்றாயிரம் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள் என்பார்கள். சொல்லும் ஆளைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும். தடத்துக்கு வெளியே இடமில்லாமல் உள்பக்கமும் ஜனம் நின்றது. நடுவில் கயிறு மட்டும்.

அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. 1926இல்தான் மான்செஸ்டரில் எந்திர முயலைத் துரத்தும் நாய்ப் பந்தயம் அறிமுகமாகி, நாடு முழுக்க முட்டை வடிவ மைதானங்கள் முளைத்திருந்தன. விளக்கு உண்டு, இருக்கை உண்டு, டிக்கெட் ஜன்னல் உண்டு. நாய் ஓடாத நாளில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த முதலாளிகளுக்கு ஸ்பீட்வே வானத்திலிருந்து விழுந்த மாதிரி வந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்ப் பார்க்கலாம். 1928 முடிவதற்குள் நாட்டில் டஜன் கணக்கில் தடங்கள் திறந்துவிட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபிராங்க் ஆர்தர், விக் ஹக்ஸ்லி போன்றவர்கள் கப்பலேறி வந்து சறுக்குவது எப்படி என்று உள்ளூர்க்காரர்களுக்குக் காட்டினார்கள்.

அந்த முதல் வருடம் பெரும்பாலும் தனிநபர் பந்தயம். நட்சத்திரங்களுக்கு வந்து நின்றாலே பணம். அவர்கள் இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று சுற்றினார்கள். நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு தலைவலி இருந்தது. நட்சத்திரம் வருகிற நாளில் மைதானம் நிரம்பும், வராத நாளில் காற்று வாங்கும். புதுமையும் எத்தனை நாள் தாங்கும்? சறுக்கலை ஒரு முறை பார்த்தால் வாய்பிளப்போம். பத்தாவது முறை? மக்கள் வாராவாரம் வர வேண்டுமென்றால் அவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும், சார்பு வேண்டும். பிரிட்டிஷ்காரர்களிடம் அதற்கான அச்சு ஏற்கெனவே தயாராக இருந்தது, கால்பந்து லீக். ஒரு ஊருக்கு ஒரு அணி, உன் மைதானத்தில் ஒரு முறை, என் மைதானத்தில் ஒரு முறை, ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. அந்த அச்சில் பைக்கை ஊற்றினார்கள். 1929 பிறந்தது.

அந்த வருடம் ஒன்றல்ல, இரண்டு லீக்குகள். தெற்கே சதர்ன் லீக், வடக்கே இங்கிலிஷ் டர்ட் ட்ராக் லீக். டர்ட் ட்ராக் என்பதுதான் அன்று புழங்கிய பெயர். ஸ்பீட்வே என்பது மெல்ல மெல்ல அதை ஓரங்கட்டியது. தெற்கில் லண்டன் அணிகளின் ராஜ்ஜியம். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ், வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், ஹாரிங்கே, கிரிஸ்டல் பாலஸ், லீ பிரிட்ஜ். இவற்றோடு சவுத்தாம்ப்டன், கோவென்ட்ரி, பர்மிங்காம். வடக்கில் லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ், ஷெஃபீல்ட், பிரஸ்டன், ராச்டேல், லிவர்பூல், நியூகாசில் என்று ஆலை ஊர்களும் துறைமுக ஊர்களும்.

ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் என்ற பெயரைப் பார்த்ததும் கால்பந்து ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், செல்சி கால்பந்து அணியின் மைதானம்தான். புல்தரையைச் சுற்றி இருந்த தடத்தில் பைக்குகள் சாம்பல் வாரி இறைத்தன. சதர்ன் லீக்கின் முதல் பட்டத்தைத் தட்டிச் சென்றதும் அந்த அணியே. கஸ் கூன், வால் ஃபிலிப்ஸ், ஆர்தர் வாரிக் ஆகியோர் அதன் முக்கியமான ஓட்டிகள். அங்கே ஸ்பீட்வே 1932 வரைதான் நீடித்தது. ஆகவே செல்சி ரசிகர்கள் பலருக்கே தெரியாத சேதி இது: அந்த மைதானத்துக்குச் சொந்தமான முதல் லீக் பட்டம் கால்பந்தில் வந்ததல்ல. செல்சி தன் முதல் கால்பந்து லீக் பட்டத்துக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அணி எப்படி அணி ஆகிறது

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஒரு மோதல் என்பது பல குறும் ஓட்டங்களின் தொகுப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹீட் என்று பெயர். ஒரு ஹீட்டில் இந்த அணியிலிருந்து இருவர், அந்த அணியிலிருந்து இருவர். காலப்போக்கில் நிலைத்த கணக்கு இது: முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஹீட் ஒவ்வொன்றிலும் 6 புள்ளி பங்கு போடப்படுகிறது. எல்லா ஹீட்டும் முடிந்ததும் கூட்டிப் பார்த்து எந்த அணி மேலே என்று சொல்வார்கள்.

இந்த எளிய கணக்குக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஆள் முதலில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி கடைசி. நமக்கு 3, எதிரணிக்கு 2ம் 1ம் சேர்ந்து 3. ஜெயித்தும் சமன்தான்! நட்சத்திரம் மட்டும் முன்னால் பறந்து பயனில்லை. கூட்டாளி மூன்றாவதாக வந்தால் 4க்கு 2. இருவரும் முதல் இரண்டு இடத்தில் வந்தால் 5க்கு 1. இந்த 5-1 தான் ஒரு ஹீட்டில் கிடைக்கக்கூடிய உச்சம்.

இங்கேதான் தனி ஆள் பந்தயம் அணி விளையாட்டாக மாறுகிறது. முன்னால் போகிறவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருவார். கூட்டாளி உள்பக்கம், கோட்டை ஒட்டி. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சறுக்கினால் தடத்தின் அகலத்தில் முக்கால்வாசி அடைபட்டுவிடும். பின்னால் வருகிறவர் உள்ளே நுழையப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கும், வெளியே சுற்றப் பார்த்தால் சுவர். இதைச் செய்ய வேண்டுமானால் பிரேக் இல்லாத வண்டியில், சறுக்கிக்கொண்டே, தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்து, கூட்டாளி எங்கே இருக்கிறார் என்று கணித்து, அவருக்கு இடம் விட்டு ஓட்ட வேண்டும். தனியாக வேகமாகப் போவதைவிட இது பல மடங்கு கஷ்டம். என்னைக் கேட்டால் ஸ்பீட்வேயில் பார்க்க வேண்டியது இதுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலாவதாக வருகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகியவர்கள் கண் மூன்றாம் இடத்துக்கு நடக்கும் சண்டை மேல் இருக்கும்.

சொந்த மைதானத்தின் பலமும் இந்த விளையாட்டில் கொஞ்சநஞ்சமல்ல. தடங்கள் ஒரே அளவில் இல்லை. வெஸ்ட் ஹாமில் ஒரு சுற்று கிட்டத்தட்ட கால் மைல், அதாவது 400 மீட்டர். 1934இல் வந்த நியூ கிராஸிலோ 262 கெஜம், 240 மீட்டர்தான். வறுசட்டி என்றே அதற்குப் பட்டப்பெயர். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் பழகியவர் வறுசட்டிக்குள் வந்தால் முதல் வளைவிலேயே திணறுவார். சாம்பல் எங்கே தடிமன், எங்கே மெலிவு, மழைக்கு அப்புறம் எந்த வளைவு வழுக்கும் என்பதெல்லாம் உள்ளூர் ஆளுக்கு அத்துப்படி. அதனால்தான் இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை என்ற ஏற்பாடு இதில் வெறும் சம்பிரதாயம் இல்லை.

1929இன் ஓட்டத்தை இன்று பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தோன்றக்கூடியது தொடக்கம். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. நால்வரும் மெதுவாக உருண்டு வந்து ஒரே வரிசையில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் ஒரு சக்கரம் முந்தினாலும் திரும்ப வா என்று கொடி. மறுபடி சுற்று, மறுபடி கொடி. ஒரு நிமிட ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம் ஒத்திகை. கூட்டம் கடுப்பாகாமல் என்ன செய்யும்? 1933இல் குறுக்கே கட்டிய நாடாக்கள் சட்டென்று மேலே எழும்பும் தொடக்க வாயில் வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

வடக்கு லீக்கின் முதல் வருடம் தெற்கைப் போல சுமுகமாகப் போகவில்லை. ஆசையில் திறந்த தடங்கள் அதிகம், வாராவாரம் வந்து டிக்கெட் வாங்கக்கூடிய ஜனம் அந்த அளவுக்கு இல்லை. பாதியிலேயே பல அணிகள் கழன்றுகொண்டன. ஒரு லீக்கில் அணி விலகினால் பட்டியல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு மோதி ஜெயித்தவர்களின் புள்ளியை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? இப்படிப் பல்லிளித்த பட்டியலின் முடிவில் சாம்பியன் என்று பதிவானது லீட்ஸ். அடுத்த இரண்டு வருடத்திலும் வடக்கில் மான்செஸ்டரின் பெல் வூ கைதான் ஓங்கியிருந்தது. 1929இல் ஸ்பீட்வேக்கென்றே கட்டித் திறந்த ஹைட் ரோடு மைதானம் அவர்களுடையது. நாய்ப் பந்தயத்தின் இரவல் இடத்தில் குடியிருந்தவர்களுக்கும் சொந்த வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அப்போதே தெரிந்தது.

தனிநபர் போட்டியும் செத்துவிடவில்லை. லண்டன் மாலைப் பத்திரிகையான தி ஸ்டார் 1929இல் ஒரு சாம்பியன் போட்டி வைத்தது. அதில் ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியர்களோடும் அமெரிக்கர்களோடும் மோதவிட்டால் உள்ளூர்க்காரர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று பயந்து போட்டியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். வெளிநாட்டார் பிரிவில் ஃபிராங்க் ஆர்தர், பிரிட்டிஷ் பிரிவில் ரோஜர் ஃபிராக்லி. அடுத்த வருடம் பிரிவை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். ஜெயித்தது யார்? ஆஸ்திரேலியர் விக் ஹக்ஸ்லி. பயம் நியாயமானதுதான்! ஆனால் அதே 1930இல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அணிகளாக மோதிய முதல் டெஸ்ட் தொடரில், விம்பிள்டனில் நடந்த முதல் மோதலில் 17க்கு 35 என்று அடிவாங்கிய இங்கிலாந்து, மிச்ச நான்கையும் ஜெயித்தது. ஆளுக்கு ஆள் நின்றால் ஹக்ஸ்லி, இருவர் இருவராக நின்றால் இங்கிலாந்து. லீக்கில் ஜோடியாக ஓடிப் பழகியது கைகொடுத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெண்களும் ஓட்டினார்கள். அயர்லாந்தின் ஃபே டெய்லர், யார்க்‌ஷயரின் ஈவா ஆஸ்க்வித் இருவருக்கும் தனிக் கூட்டமே உண்டு. ஃபே டெய்லர் ஆஸ்திரேலியா வரை போய் ஆண்களைத் தோற்கடித்து வந்தவர். 1930இல் பெண்கள் ஓட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். ஆண்கள் விழுந்தால் வீரம், பெண்கள் விழுந்தால் தடை.

அப்புறம் மாற்றங்கள் வேகமாக வந்தன. 1930இல் லண்டன் டாட்டன்ஹாமில் தயாரான ஜேஏபி இஞ்சின் வந்து டக்ளஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு அனுப்பியது. வண்டி குட்டையானது, காலைப் பின்னால் இழுக்கும் பாணி போய் முன்னால் ஊன்றும் பாணி வந்தது. பார்க்க அழகு குறைந்தது, வேகம் கூடியது. வடக்கில் அணிகள் கரைந்துகொண்டே போக, 1932இல் வடக்கையும் தெற்கையும் சேர்த்து நேஷனல் லீக் என்று ஒன்றாக்கினார்கள். முதல் பட்டம் வெம்ப்ளிக்கு. அடுத்த நான்கும் பெல் வூவுக்கு.

மைதானத்துக்குப் போகிறவர்கள் வாசலில் ஒரு நிகழ்ச்சிப் புத்தகம் வாங்குவது வழக்கம். அதில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் நால்வர் பெயரும், பக்கத்தில் காலிக் கட்டமும் இருக்கும். ஹீட் முடிந்ததும் பென்சிலால் 3, 2, 1, 0 என்று நிரப்பி, ஓரத்தில் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். இன்றைய பிரிட்டிஷ் லீக் மோதலில் 15 ஹீட். பதினாலு முடிந்து ஊர் அணி 41, வந்த அணி 43 என்று வைத்துக்கொள்வோம். நாடா எழும்பப் போகிறது. ஊர் அணியின் இருவரும் முதல் இரண்டு இடத்தில் வந்தால் 46க்கு 44, வெற்றி. முதலும் மூன்றும் என்றால் 45க்கு 45. முதலும் கடைசியும் என்றால், ஜெயித்த ஆள் கை தூக்கிக்கொண்டு சுற்றி வரும்போதே அரங்கில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கி 44 என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.